‘ஆற்றை மேள்?’: ஒரு விண்வெளிக் கதையும் அதன் இரசிகர்களின் கோபமும்

2019 டிசம்பர் 19ஆந் திகதி ‘ஸ்ரார் வோர்ஸ்’ தொடரின் ஒன்பதாவது படமான ‘த றைஸ் ஒஃப் ஸ்கைவோக்கர்’ லண்டன் படமாளிகைகளுக்கு வந்தது. 1977இல் தொடங்கிய கதை இத்துடன் முடிகிறது என்று சொல்லி விற்கப்பட்ட படம். பார்த்துவிட்டு வெளியே வந்த சனத்தில் ஒரு பகுதி கண்கலங்கி நின்றது. இன்னொரு பகுதி தாம் ஏமாற்றப்பட்டதாகக் குமுறியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாவது படம் வந்தபோதும் இதுதான் நடந்தது. ஆட்கள் மட்டும் இடம் மாறி நின்றார்கள். அன்று கொதித்தவர்களில் பலர் இம்முறை ஆறுதலடைந்தார்கள். அன்று கொண்டாடியவர்கள் இம்முறை கொதித்தார்கள்.

நட்சத்திரங்களுக்கிடையில் வாள்வீசும் ஒரு அமெரிக்கப் படத்துக்கு எமது பக்கங்களில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. எமது பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அவர்களோடு ரிக்கற் எடுத்துக்கொண்டு போய், கதை பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருட்டில் உட்கார்ந்திருந்த பெற்றோர் எம்மில் பலர். ஆனால் நாம் எழுத வந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்த கேள்வி எமக்கு நன்கு பழக்கமானது. ஊரிலிருந்து பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்த கேள்விகளில் அதுவும் ஒன்று.

படம் ஹொலிவூட்டினுடையது என்றாலும் அது பிறந்த கொட்டகை எமது அயலில்தான் இருக்கிறது. முதற்படத்தின் பெரும்பகுதி 1976இல் லண்டனின் வடக்கு விளிம்பிலுள்ள போர்ஹம்வூட்டில், எல்ஸ்ரீ கலையகத்தில் எடுக்கப்பட்டது. அதன் இசையை வாசித்தது லண்டன் சிம்பொனி இசைக்குழு. 2015இலிருந்து வந்த கடைசி மூன்று படங்களுக்கும் பைன்வூட் கலையகமே களம். அவற்றில் ரே என்ற பெண்ணாக நடித்த டெய்சி றிட்லி லண்டனில் பிறந்தவர். ஃபின் என்ற போர்வீரனாக நடித்த ஜோன் பொயேகா நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு மகனாகப் பெக்கமில் வளர்ந்தவர்.

இந்த நாட்டுக்கும் அந்தக் கதைக்கும் இருக்கும் உறவுக்கு அரசாங்க ஏட்டிலேயே சாட்சி உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 390,127 பேர் தமது சமயம் ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள். ஜெடாய் என்பவர்கள் அந்தப் படங்களில் வரும் துறவி வீரர்கள். பகிடிக்குத்தான் எழுதினார்கள்; ஆனாலும் அதே கணக்கெடுப்பில் சீக்கியர் 329,358 பேர் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படிவத்தில் தமிழருக்கென்று ஒரு பெட்டி இருக்கவில்லை. ‘வேறு ஆசியர்’ என்ற பெட்டியில் புள்ளடியிட்டுவிட்டு நாம் பேசாமல் இருந்தோம். உங்கள் பிரதான மொழி எது என்று எம்மைக் கேட்க அவர்களுக்கு 2011ஆம் ஆண்டு வரை சென்றது. இல்லாத ஒரு சமயம் எமக்கு முன்னரே எண்ணப்பட்டுவிட்டது.

இவ்வளவு ஈடுபாடு உள்ள இடத்தில் உரிமையும் வரும். 1997இல் ஜோர்ஜ் லூக்காஸ் தனது முதற்படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். மதுச்சாலைக் காட்சியொன்றில் முதலில் சுட்டது யார் என்பதை மாற்றியிருந்தார். ஒரு கணநேர மாற்றம். அதற்கு எழுந்த கோபம் பல ஆண்டுகள் அடங்கவில்லை. ஆக்கியவனுக்கே திருத்தும் உரிமை இல்லை என்று இரசிகர்கள் சொன்னார்கள். விடியவிடியக் கூத்துப் பார்த்த எமது முந்திய தலைமுறைக்கு இந்த மனநிலை விளங்கும். காத்தவராயன் கழுவேறப் போகிறான் என்பது தெரிந்துதான் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வரும். அண்ணாவியார் ஒரு பாட்டைக் குறைத்தால் முன்வரிசையிலிருந்து சத்தம் கிளம்பும். கதை மேடையில் நிற்பவனுக்குச் சொந்தமில்லை, பாயில் இருப்பவனுக்கே சொந்தம் என்பது அந்தச் சத்தத்தின் பொருள். 2012இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸின் நிறுவனத்தை 405 கோடி டொலருக்கு வாங்கியது. பாயில் இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. அதன்பின் வந்த படங்களின் மேல் எழுந்த கோபத்தில் இந்த விற்பனையின் கசப்பும் ஓரளவு கலந்திருக்கிறது.

*

எட்டாவது படம் ‘த லாஸ்ட் ஜெடாய்’. றியன் ஜோன்சன் எழுதி இயக்கி 2017 டிசம்பரில் வந்தது. விமர்சகர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் அதை நல்ல படம் என்றார்கள் என்று ‘ரொட்டன் ரொமாற்றோஸ்’ காட்டியது. அங்கேயே தாமாக வந்து புள்ளியிட்ட பார்வையாளரின் கணக்கு 40ஐச் சுற்றி நின்றது. ஆனால் முதல்நாள் படமாளிகை வாசலில் நின்று அமெரிக்கப் பார்வையாளரை விசாரிக்கும் ‘சினமாஸ்கோர்’ அதற்கு ‘ஏ’ கொடுத்தது. ஒன்பதாவது படத்துக்கு எல்லாம் தலைகீழ். விமர்சகர்களில் பாதிப் பேரளவில்தான் ஏற்றார்கள். தாமாக வந்தவர்கள் 85க்கு மேல் கொடுத்தார்கள். வாசலில் கேட்டபோது ‘பி பிளஸ்’. ஆகவே ‘இரசிகர்கள் வெறுத்தார்கள்’, ‘இரசிகர்கள் விரும்பினார்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது பொய். யாரை, எங்கே நிறுத்திக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. சமூகத்தின் குரல் என்று எமது மத்தியிலும் அடிக்கடி ஒன்று சொல்லப்படுவதுண்டு. அதையும் நாம் இவ்விதமே விசாரிக்கப் பழக வேண்டும்.

கோபத்தின் முதற்காரணம் லூக் ஸ்கைவோக்கர். 1983இல் வந்த மூன்றாவது படத்தின் முடிவில், தீமையின் உருவான தன் தகப்பனைக் கொல்ல மறுத்து வாளை எறிந்தவன் அவன். முப்பது ஆண்டுகளாக இரசிகர்கள் மனதில் அந்த உருவத்திலேயே நின்றான். ‘த லாஸ்ட் ஜெடாய்’ அவனை முதியவனாக, கசந்து போனவனாக, எவரையும் பார்க்க விரும்பாதவனாக ஒரு தனித்தீவில் காட்டுகிறது. தூங்கிக்கொண்டிருந்த மருமகனுக்குள் தீமை வளர்வதைக் கண்டு, ஒரு கணம் அவன்மேல் வாளை ஏற்றிவிட்டான். அந்த ஒரு கணத்தால் எல்லாம் அழிந்தது. பிறகு தலைமறைவானான். தேடி வந்த பெண் அவனுடைய பழைய ஒளிவாளை நீட்டும்போது அதை வாங்கித் தோளுக்குப் பின்னால் எறிந்துவிடுகிறான். படமாளிகையில் சிலர் சிரித்தார்கள். சிலருக்கு அது கன்னத்தில் விழுந்த அடி. லூக்காக நடித்த மார்க் ஹமில்கூட இந்தப் பாத்திர அமைப்பில் தனக்கு அடிப்படையில் உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, பின்னர் அப்படிச் சொன்னதற்கு வருந்தினார்.

இந்தக் கோபத்தை நாம் அலட்சியமாகப் பார்க்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் கிடைத்த ஒரு வீரனை இயலாதவனாகப் பார்ப்பது இலகுவானதல்ல. ஆயினும் அந்தத் தீவை நாம் பார்த்தபோது எமக்குத் தோன்றியது வேறு. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஆதிகாலக் கிறிஸ்தவத் துறவிகள் கற்குடில்கள் கட்டி வாழ்ந்த ஸ்கெலிக் மைக்கேல் என்ற பாறைத்தீவில் அக்காட்சிகள் எடுக்கப்பட்டன. அங்கே ஒரு மனிதன் எழும்புகிறான், பால் கறக்கிறான், மீன் பிடிக்கிறான், நடந்த எதைப் பற்றியும் பேச மறுக்கிறான். எமது தெருக்களில் இப்படியானவர்களை நாம் அறிவோம். ஒருகாலத்தில் பெரிதாக எதையோ நம்பியவர்கள். நம்பிய இடத்திலேயே பிழையும் செய்தவர்கள், அல்லது பிழை நடந்தபோது கூட நின்றவர்கள். இப்போது இரவுவேலை முடித்து வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பவர்கள். பிள்ளைகள் கேட்டால் கதையை மாற்றுபவர்கள். தோற்றுப்போன வீரனின் மௌனத்தை இவ்வளவு தூரம் நின்று பார்த்த இன்னொரு வணிகப் படம் எமக்கு நினைவில் இல்லை. அவனை இழிவுபடுத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை எம்மால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் படத்தைக் கொண்டாடியவர்களோடும் நாம் முழுதாகச் சேர முடியாத ஓரிடம் உண்டு. தீவில் ஒரு மரத்தின் பொந்துக்குள் ஜெடாய்களின் ஆதி நூல்கள் இருக்கின்றன. மாண்டுபோன குரு யோடா ஆவியாகத் தோன்றி, மின்னலை வரவழைத்து மரத்தை எரிக்கிறார். எரித்துவிட்டுச் சிரிக்கிறார். பழையதைப் போகவிடு என்பது காட்சியின் போதனை. புதுமையை விரும்பும் விமர்சகர்களுக்கு அது பிடித்திருந்தது. 1981 யூன் முதலாந் திகதி விடியும்போது யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்துகொண்டிருந்ததை அறிந்தவர்கள், அந்த மரம் எரிகையில் சிரிக்க மாட்டார்கள். படமும் ஒரு விதத்தில் தப்பிக்கொள்கிறது: நூல்கள் மரத்தில் இருக்கவில்லை, ரே முன்னரே எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பின்னர் ஒரு கணம் காட்டுகிறார்கள். எமது நூலகத்தின் நூல்களை எவரும் முன்னரே எடுத்துப் போய் வைத்திருக்கவில்லை. பழையதைப் போகவிடு என்று சொல்வது, பழையதைத் தன் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் இலகு.

லூக்கின் முடிவு இன்னொரு காட்சி. எஞ்சிய கிளர்ச்சியாளர்கள் ஒரு குகைக்குள் அகப்பட்டிருக்கிறார்கள். எதிரிப் படையின் முன்னால் லூக் தனியே வந்து நிற்கிறான். எல்லாப் பீரங்கியும் அவன்மேல் சுடுகின்றன. ஒரு கீறலும் இல்லை. பிறகுதான் தெரிகிறது, அவன் அங்கே வரவேயில்லை. தீவிலிருந்தபடியே தன் உருவத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான். அந்த நேரத்துக்குள் உள்ளே இருந்தவர்கள் தப்பிப் போகிறார்கள். அவன் களைத்து, சூரியன் மறைவதைப் பார்த்தபடி இல்லாமற் போகிறான். ‘கோழை, வராமலே ஏமாற்றினான்’ என்று ஒரு கூட்டம் இரசிகர் ஏசியது. 2009 ஏப்ரலிலிருந்து யூன் வரை வெஸ்ட்மின்ஸ்ரர் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை அப்படி ஏச வராது. உடல் இங்கே, உயிர் வன்னியில் என்று நின்ற நாட்கள் அவை. நாம் அனுப்பிய உருவம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அதனால் எவருக்கும் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. திரையில் அது பலிக்கிறது. எமக்கு அந்தக் காட்சியில் கண் கலங்கியதென்றால், அது லூக்குக்காக மட்டும் இல்லை.

*

இனிப் பிரதான கேள்விக்கு வருவோம். ரே யார்?

2015இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய ஏழாவது படத்தில் அவள் பாலைவனத்தில் பழைய இரும்பு பொறுக்கி விற்று வாழும் தனிப்பெண். தாய் தகப்பன் திரும்பி வருவார்கள் என்று சுவரில் நாட்களைக் கீறிக்கொண்டிருப்பவள். ஆனால் பெரிய ஆற்றல் உள்ளவள். ஆகவே அடுத்த இரண்டு ஆண்டும் இரசிகர்களுக்கு ஒரே வேலைதான்: அவள் யாருடைய மகள் என்று கண்டுபிடிப்பது. லூக்கின் மகளா, வேறொரு பெரிய குருவின் பேத்தியா என்று வம்சாவளி வரைந்தார்கள். ‘த லாஸ்ட் ஜெடாய்’ கொடுத்த பதில் அவர்கள் எதிர்பாராதது. அவள் எவருடைய மகளும் அல்ல. குடிக்கக் காசுக்காக அவளை விற்றுவிட்டுப் போன, பெயரில்லாத இரண்டு பேருடைய பிள்ளை. அவர்கள் செத்து எங்கோ ஏழைகளின் குழியில் கிடக்கிறார்கள். ஆற்றல் அவளுடையது, அதற்கு வம்சம் தேவையில்லை. இந்தப் படத்தின் ஐரோப்பிய முதற்காட்சி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் இரண்டு இளவரசர்களின் முன்னிலையில் நடந்தது. பிறப்பால் எவரும் உயர்வதில்லை என்று சொல்லும் படத்துக்கு அதைவிடச் சுவையான சபை கிடைத்திராது.

இரண்டு ஆண்டின் பின் ஏப்ரம்ஸ் திரும்பி வந்து ஒன்பதாவது படத்தில் அந்தப் பதிலை வாபஸ் பெற்றார். ரே பழைய சக்கரவர்த்தி பல்பற்றீனின் பேத்தி. பெற்றோர் அவளை விற்றது காசுக்காக இல்லை, காப்பாற்றுவதற்காக. ஆக, ஆற்றல் இரத்தத்தில் வந்ததுதான். படத்தில் இன்னும் பலவும் இப்படி வாபஸாகின்றன. மூன்றாவது படத்தில் செத்த சக்கரவர்த்தி, போதிய விளக்கம் இல்லாமலே உயிரோடு இருக்கிறார். செத்ததாகக் காட்டப்பட்ட நண்பன் அடுத்த சில நிமிடங்களில் திரும்பி வருகிறான். நினைவு அழிக்கப்பட்ட இயந்திர மனிதனுக்கு நினைவு திரும்புகிறது. இழப்பு எதுவும் இழப்பாக நிலைப்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துச் சமாதானம் செய்யும் படம். 142 நிமிடத்தில் எங்கும் ஒரு கணம் நின்று மூச்சு விடாத அதன் அவசரத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறோம். நின்றால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள்.

படத்தின் கடைசிக் காட்சி பாலைவனத்தில், லூக் வளர்ந்த வீட்டின் முன்னால் நடக்கிறது. அந்த வழியால் போகும் ஒரு கிழவி ரேயிடம் நீ யார் என்று கேட்கிறாள். பெயரைச் சொன்ன பிறகும் விடவில்லை. எந்த ரே என்று கேட்கிறாள். ரே திரும்பிப் பார்க்கிறாள். மாண்ட லூக்கும் அவன் சகோதரி லேயாவும் ஒளியுருவில் நிற்கிறார்கள். ‘ஸ்கைவோக்கர்’ என்று பதில் சொல்கிறாள். படமாளிகையில் கைதட்டினார்கள்.

எமக்கு அந்தக் கிழவியை நன்றாகத் தெரியும். ஹரோவிலோ வெம்பிளியிலோ ஈஸ்ற்ஹாமிலோ எந்த மண்டபத்திலும் அவர் இருப்பார். பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம், எதுவானாலும் முன்வரிசைக் கதிரையில் இருந்துகொண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்பிள்ளை ஒன்றைக் கிட்டக் கூப்பிடுவார்.

“பிள்ளை, நீ ஆற்றை மேள்?”

பிள்ளை தன் பெயரைச் சொல்லும்.

“அது சரி பிள்ளை. அப்பாவின்ரை ஊர் எது? ஊரிலை எந்தப் பக்கம்?”

‘எந்தப் பக்கம்’ என்ற அந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கும் தாய்க்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு குறிச்சியின் பெயரைச் சொன்னதும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று திறக்கிறது அல்லது மூடுகிறது. பிள்ளை என்ன படிக்கிறது, எதில் கெட்டித்தனம், எதற்காக இரவில் விழித்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், அல்லது இல்லவேயில்லை. கடலைத் தாண்டினோம், குண்டைத் தாண்டினோம், இந்தக் கேள்வியைத் தாண்டவில்லை.

எமது கதைகளும் அந்தக் கிழவியின் பக்கமே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வில்வித்தை அரங்கில் கர்ணன் இறங்கியபோது கிருபர் அவன் வில்லைப் பற்றிக் கேட்கவில்லை. தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டார். பாரதமும் கடைசியில் அவனைக் குந்தியின் மகனாக்கித்தான் எமது கண்ணீரை வாங்குகிறது. தேரோட்டி மகனாகவே அவன் பெரியவனாக இருக்கக் கூடாதா என்று கேட்பதில்லை. மதுரைவீரனை வளர்த்தது செருப்புத் தைக்கும் குடும்பம். ஆனால் கதைப்பாடல் அவனைக் காசிராசனுக்குப் பிறக்க வைத்துத்தான் ஆறுகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் கோயிலுக்குப் பூக்கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் இறுதியில் சோழ இரத்தம் என்று தெரிந்து அரசனாகிறான். மணிரத்னம் அந்தக் கதையைப் படமாக்கி 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது இந்தத் திருப்பத்தை விட்டுவிட்டார். பூக்கட்டுபவன் பூக்கட்டுபவனாகவே இருந்தான். கல்கியின் நாவலை மனப்பாடமாக வைத்திருந்த வாசகர்களுக்கு வந்த மனக்குறைகளில் இதுவும் ஒன்று. லண்டன் படமாளிகை வாசலில் எம்மவர் அதைப் பற்றி வாதாடியதை நாமே கேட்டிருக்கிறோம். ஸ்ரார் வோர்ஸ் இரசிகனும் கல்கி வாசகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வரிசையில் நின்ற இடம் இது. பெரியவனாக வருபவன் பெரிய இடத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்பதாவது படத்துக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ரே தன் இரத்தத்தின் பெயரை மறுத்து, தன்னை வளர்த்தெடுத்தவர்களின் பெயரை எடுத்துக்கொள்கிறாள். ஆகவே இது தெரிவின் வெற்றி, வம்சத்தின் வெற்றி இல்லை என்பார்கள். இது வெறும் வாதம் அல்ல. தாய் தகப்பனை இழந்து வேறொரு வீட்டில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் எம்மிடையே உண்டு; அவர்களுக்கு அந்தக் காட்சி உண்மையாகவே ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இதே படத்தின் முற்பகுதியில், 42 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மூதாதையர் திருவிழாவில் இன்னொருத்தி ரேயிடம் குடும்பப் பெயரைக் கேட்கிறாள். தனக்கு அப்படி ஒன்றில்லை, தான் வெறும் ரே என்று அவள் சொல்கிறாள். அந்தப் பதில் ஒரு குறைபாடு என்றும், கதை முடிவதற்குள் அதை நிரப்பிவிட வேண்டும் என்றும் படம் நினைக்கிறது. எமக்கு அந்த முதற்பதிலே முழுமையாகப் பட்டது.

*

இரசிகர்கள் எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பதைப் போலவே, எதற்காகச் சண்டை பிடிக்கவில்லை என்பதும் பார்க்கப்பட வேண்டியது.

ஏழாவது படம் ரேயோடு அல்ல, ஃபின்னோடுதான் எமக்குத் தொடங்கியது. சின்ன வயதில் குடும்பத்திடமிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பெயருக்குப் பதிலாக எஃப்.என்.2187 என்ற இலக்கம் கொடுக்கப்பட்டு, படைவீரனாக வளர்க்கப்பட்டவன். முதற் சண்டையிலேயே, கிராமத்துச் சனத்தைச் சுடும்படி உத்தரவு வரும்போது அவன் சுடவில்லை. பிறகு ஓடிவிடுகிறான். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளையும், ஓடிவந்த பிள்ளைகளையும், ஓடமுடியாமற் போன பிள்ளைகளையும் எமது சமூகத்துக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் சத்தமாகப் பேசுவதில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஒரு கதையின் நடுவில் அப்படியொரு பிள்ளை, அதுவும் பெக்கம் பொடியன் ஒருவனின் முகத்தோடு, வந்து நின்றான். இந்தத் தொடர் எடுத்துக்கொண்ட மிகத் துணிவான கதை அதுவென்றே நாம் அன்று எண்ணினோம்.

எட்டாவது படம் அவனைச் சூதாட்ட நகரம் ஒன்றுக்கு அனுப்பிச் சுற்றவிட்டது. 152 நிமிடப் படத்தில் மிகத் தளர்ந்த பகுதி அது. அந்தப் படத்தை விரும்பும் நாமும் அதை மறைக்கத் தேவையில்லை. ஒன்பதாவது படமோ, அவனைப்போலவே சுட மறுத்து ஓடிவந்த ஒரு கூட்டம் முழுவதையும் அவன் முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவர்களோடு இருந்து கதைக்க அவனுக்குச் சில நிமிடங்களே கொடுத்தது. சுட மறுத்தவர்களின் கதை அங்கே இருந்தது, சொல்லப்படவில்லை. ரேயின் பாட்டன் யார் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் கொதித்த இரு பகுதியினரில் மிகச் சிலரே இதற்காகக் கோபப்பட்டார்கள். 2020 செப்ரெம்பரில் பொயேகாவே ஒரு பேட்டியில், வெள்ளையரல்லாத பாத்திரங்களை முன்னுக்கு வைத்து விற்றுவிட்டுப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்று டிஸ்னியைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார்.

எட்டாவது படத்தில் றோஸ் என்ற இயந்திரத் தொழிலாளிப் பெண்ணாக வந்த கெலி மரி ட்ரான் வியற்நாம் அகதிகளின் மகள். படம் வந்தபின் அவருடைய இனத்தையும் உருவத்தையும் சொல்லி வந்த வசைகளால் 2018 யூனில் இன்ஸ்ரகிராமிலிருந்த தன் பதிவுகளையெல்லாம் அழித்தார். அதே ஆண்டு ஓகஸ்ற்றில் நியூயோர்க் ரைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தன் பெற்றோர் அந்த நாட்டில் வாழ்வதற்காக ஆங்கிலப் பெயர்கள் வைத்துக்கொண்டதைச் சொல்லி, முடிவில் தனது வியற்நாமியப் பெயரைச் சொன்னார். ஒன்பதாவது படத்தில் றோஸ் திரையில் இருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வசை பாடியவர்களுக்குப் படம் கொடுத்த பதில் அது.

ஓர் அகதியின் மகளும் ஒரு குடியேறியின் மகனும் கதையின் ஓரத்துக்குப் போக, நடுவில் பாட்டன் பேத்திக் கணக்கு மட்டும் மிஞ்சியது. இரத்தத்தைக் கேட்கும் கேள்வி எங்கே போனாலும் இதைத்தான் செய்யும். ஒருவரை உயர்த்துவதற்காக என்று அது தொடங்குகிறது. முடியும்போது மற்றவர்களுக்கு இடமில்லாமற் போகிறது. இரு பகுதி இரசிகர்களிலும் எந்தப் பக்கம் சரி என்று எம்மைக் கேட்டால், எட்டாவது படத்தின் பக்கம் என்றுதான் சொல்வோம். அதன் தளர்ச்சிகளோடும், அந்த எரியும் மரத்தோடும் சேர்த்துத்தான்.

அந்தப் படம் முடிவது லூக்கிலும் அல்ல, ரேயிலும் அல்ல. சூதாட்ட நகரத்தின் குதிரைலாயம் போன்ற ஓரிடத்தில் வேலைசெய்யும் மூன்று சிறுபிள்ளைகள், கையால் செய்த பொம்மைகளை வைத்து, லூக் தனியே நின்ற கதையைத் தங்கள் மொழியில் சொல்லி விளையாடுகிறார்கள். எமக்கு அந்த மொழி விளங்காது. கீழே எழுத்தும் போடவில்லை. அவர்கள் அந்தக் களத்தைக் கண்டதில்லை. எஜமான் வந்து விரட்டுகிறான். ஒரு பையன் வெளியே போகிறான்; தும்புத்தடி தானாக அவன் கைக்கு வருகிறது. கூட்டத் தொடங்கியவன் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கிறான். அவன் யாருடைய பிள்ளை என்று படம் சொல்வதில்லை. ஒன்பதாவது படம் அவனிடம் திரும்பி வரவுமில்லை.

எமது பிள்ளைகளும் நாம் நின்ற களத்தைக் காணாதவர்கள். எமக்குச் சரியாக விளங்காத ஒரு மொழியில், தாங்களே செய்துகொண்ட பொம்மைகளோடு, எமது கதையை எங்கோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் பிழைகள் இருக்கும். முன்வரிசையில் இருந்து சத்தம் போட எமக்கு உரிமையும் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை மண்டபத்தில் ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது, நாம் அத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்தக் கதையை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.